சாய்ந்தபடி ஓட்டும் சைக்கிள்: வீட்டிலேயே செய்வது எப்படி?

கிங்ஸ் சர்க்கிள் தமிழரின் அனுபவம்

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டியபடி சைக்கிள் ஓட்ட முடியுமா?

முடியும். கிங்ஸ் சர்க்கிளில் வசிக்கும் ஒரு தமிழர் வாரத்தில் நான்கைந்து நாட்கள் விடியற்காலையில் அப்படித்தான் போய் வருகிறார். அந்த வண்டியை அவர் கடையில் வாங்கவில்லை. பழைய சைக்கிள்களை வெட்டி, ஒட்டி அவரே செய்தார்.

நெல்லை மாவட்டத்துக்காரர். மாட்டுங்கா ரெயில் பெட்டி தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் ரெயில்வே ஊழியன் என்பதால் பழக்கம். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

"பேரு, போட்டோ எதுவும் வேண்டாம் தம்பி. வண்டியைப் பற்றி மட்டும் எழுதுங்க. யாராவது செய்து பார்க்கட்டும்" என்றார். அதனால் வண்டியைப் பற்றியே எழுதுகிறேன்.

பூ வியாபாரம்

அண்ணாச்சியின் மனைவி மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் பூ கட்டி விற்கிறார். தாதர் பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே பூ வாங்கிவிட வேண்டும். வெயில் ஏற ஏற பூவும் வாடும், நல்ல சரக்கும் போய்விடும்.

பல வருடங்களாக அண்ணாச்சிதான் சைக்கிளில் போய் பூ மூட்டையைக் கொண்டு வருவார். ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்கு இடுப்பு வலி வந்தது. சைக்கிள் சீட்டில் 5 நிமிடம் உட்கார்ந்தால் போதும், வலி தொடை வரை இறங்கிவிடும். "முதுகெலும்பில் தேய்மானம். குனிந்து சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிடுங்கள். ஆனால் காலுக்கு வேலை கொடுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்சி வைத்தால் பூவில் கிடைக்கும் லாபம் டாக்சிக்கே போய்விடும். ஆகவே மதினி தனியாக முதல் ரெயில் பிடித்து, மூட்டையைத் தலையில் சுமந்து வரத் தொடங்கினார். அவருக்கும் வயது 55-க்கு மேல். ஒருநாள் ரெயில்வே பாலத்துப் படியில் மூட்டையோடு உட்கார்ந்து மூச்சு வாங்கியவரைப் பார்த்த ஒருவர், அண்ணாச்சியிடம் வந்து சொல்லி இருக்கிறார்.

"அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றார் அண்ணாச்சி.

நடைபாதையில் கிடைத்த புத்தகம்

கிங்ஸ் சர்க்கிளுக்கு 'மகேசுவரி உத்யான்' என்று பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகிறது. ஆனாலும் நம்மவர்களுக்கு அது கிங்ஸ் சர்க்கிள்தான். அங்குள்ள நடைபாதை பழைய புத்தகக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் புரட்டுவது வழக்கம். அப்படிக் கிடைத்ததுதான் 1983-ம் ஆண்டு டிசம்பர் மாத 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழ். மனித சக்தியால் ஓடும் வண்டிகளைக் காற்று எப்படித் தடுக்கிறது என்பது பற்றி அதில் ஒரு கட்டுரை இருந்தது. படங்களில் ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து பெடல் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

வேடிக்கைக்காக அதை அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் இங்கிலீஷ் எழுத்தைப் பார்க்கவே இல்லை. படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இதில் உட்காருகிறவனுக்கு இடுப்பு வளையவில்லையே!" என்றார்.

மகனுக்காகச் செய்த வண்டி

இந்தச் சாய்வு சைக்கிள் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரான்சு நாட்டில் சார்லஸ் மோஷே என்று ஒருவர் இருந்தார். அவருடைய மகன் ஜார்ஜ் சைக்கிள் கேட்டான். சைக்கிள் ஆபத்து என்று தாய் பயந்தார். எனவே மோஷே, மகனுக்கு நான்கு சக்கரங்கள் வைத்து, காலால் மிதித்து ஓட்டும் ஒரு சின்னக் காரைச் செய்து கொடுத்தார். அந்தக் கார் தெருவில் மற்ற சைக்கிள்களை முந்தியது! பெரியவர்களும் அதுபோல் கேட்டார்கள். 'வெலோகார்' என்ற பெயரில் செய்து விற்றார்.

நான்கு சக்கர வண்டியை வேகமாகத் திருப்பினால் கவிழப் பார்த்தது. எனவே அதைப் பாதியாக்கி, இரண்டு சக்கரங்களில் ஓடும் சாய்வு சைக்கிளாக மாற்றினார்.

1933-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் பாரீஸ் நகரப் பந்தய மைதானத்தில் அந்த வண்டியை ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோ மீட்டர் தூரம் போனார். 1914-ம் ஆண்டில் ஆஸ்கர் எக் என்பவர் செய்திருந்த 44.247 கிலோ மீட்டர் சாதனை 19 ஆண்டுகளுக்குப் பின் முறிந்தது. ஃபோர் முதல் வரிசை வீரர் அல்ல. வண்டிதான் வித்தியாசம்.

"இது சைக்கிளே அல்ல" என்று எதிர்ப்பு கிளம்பியது. சர்வதேச சைக்கிள் சங்கம் 1934-ம் ஆண்டு கூடி, பந்தய சைக்கிள் என்றால் என்ன என்பதற்கு அளவு வகுத்தது. பெடல் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம், சீட் அதற்கு எவ்வளவு பின்னால் என்றெல்லாம் விதி போட்டது. அந்த அளவுக்குள் சாய்வு சைக்கிள் வராது. ஏப்ரல் 1-ந் தேதி முதல் விதி அமலுக்கு வந்தது. அதே ஆண்டில் மோஷே இறந்துபோனார்.

பந்தயத்தில் இல்லாததைக் கம்பெனிகள் பெரிய அளவில் செய்யவில்லை. நாம் பார்க்கும் சைக்கிள்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1970-களில்தான் அமெரிக்காவில் இந்த வண்டிக்கு மறுவாழ்வு வந்தது. 2016-ம் ஆண்டு கனடா நாட்டு டாட் ரைக்கர்ட், மேலே முழுக்கூடு போட்ட சாய்வு சைக்கிளில் மணிக்கு 144.17 கிலோ மீட்டர் வேகத்தை எட்டினார்.

காரணம் காற்றுதான். சமதரையில் வேகமாகப் போகும்போது நம் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றை எதிர்க்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் காற்றில் படும் உடல் பரப்பு குறைகிறது.

இவ்வளவையும் சொன்னேன். "எனக்கு வேகம் எதற்கு? பூ வாடாமல் வந்தால் போதும்" என்றார் அண்ணாச்சி.

தேவையான பொருட்கள்

தாராவி பங்கார் கடைகளில் அலைந்து அவர் சேர்த்தவை இவை:-

பின்சக்கரம் நன்றாக உள்ள 28 அங்குலப் பெரிய சைக்கிள் ஒன்று. 20 அங்குலச் சக்கரம் கொண்ட சிறுவர் சைக்கிள் ஒன்று. உடைந்த பெரிய சைக்கிள் பிரேம் ஒன்று. ஒன்றரை அங்குலச் சதுர இரும்புக் குழாய், 2 மில்லி மீட்டர் கனத்தில், 5 அடி. சைக்கிள் செயின் 3. கட்டில் நாடா. நட்டு, போல்ட்டு, பெயிண்ட்.

எல்லாம் சேர்த்து, வெல்டிங் கூலி உள்பட, 4 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது என்கிறார். பிரேக் கட்டையும் கம்பியும் மட்டும் பழையது வாங்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

முதலில் ஆளை அளக்க வேண்டும்

சட்டைக்கு அளவு எடுப்பதுபோல் இந்த வண்டிக்கும் ஆளை அளக்க வேண்டும். சுவரில் முதுகு படியத் தரையில் உட்கார்ந்து, செருப்புப் போட்ட கால்களை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து செருப்பின் அடிப்பாகம் வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அண்ணாச்சிக்கு 42 அங்குலம் வந்தது.

இதிலிருந்து பெடல் கிராங்கின் நீளம் ஆறரை அங்குலத்தைக் கழியுங்கள். முழங்கால் சற்று மடங்கி இருப்பதற்காக மேலும் ஓர் அங்குலம் கழியுங்கள். மிச்சம் 34½ அங்குலம். சீட்டின் சாய்மானத்துக்கும் பெடல் அச்சுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் இதுதான். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்படி போல்ட்டுத் துளைகள் வைத்தால், பிறகு ஏறி உட்கார்ந்து சரி செய்துகொள்ளலாம்.

பிரேம் கட்டுவது

பெரிய சைக்கிளில் சீட் குழாயும் பின்சக்கரத்தைத் தாங்கும் முக்கோணமும் மட்டும் வேண்டும். முன்பகுதியை ஆக்சா பிளேடால் அறுத்துவிட வேண்டும். சிறுவர் சைக்கிளில் ஹேண்டில்பார் நுழையும் குழாய், போர்க்கு, முன்சக்கரம் மட்டும் வேண்டும். இரண்டையும் சதுரக் குழாயால் இணைக்க வேண்டும். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 66 அங்குலம். முன் போர்க்கு, சிறுவர் சைக்கிளில் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நிற்க வேண்டும். சாய்வு மாறினால் வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

பெடல் அச்சு சுழலும் சிறிய உருளையை உடைந்த மூன்றாவது பிரேமிலிருந்து வெட்டி எடுத்து, சதுரக் குழாயின் மேல், முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். செயின் பக்கத்து மரை இடது மரை. மறுபக்கம் வலது மரை. உருளையைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டால் பெடல் போடப் போட மரை கழன்று வரும். வெல்டிங் சூட்டில் மரை கோணாமல் இருக்க, பழைய கப்புகளை உள்ளே திருகி வைத்து ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் நூல் பிடித்துப் பார்ப்பது முக்கியம். பின்சக்கர அச்சின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி, அச்சின் மறுபக்கத்துக்கு இழுங்கள். சீட் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நூல் இடம் பிசகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

முதலில் புள்ளி வைத்து ஒட்டி, மறுபடி நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகே முழுவதும் ஒட்ட வேண்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. சூட்டில் கிளம்பும் வெள்ளைப் புகை காய்ச்சலும் நெஞ்சடைப்பும் தரும். சைக்கிள் குழாய் மெல்லியது. பழகாத கை வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும். அண்ணாச்சி பிட்டர்தான், ஆனாலும் முக்கிய இணைப்புகளைத் தாராவியில் ஒரு அனுபவசாலி வெல்டரிடமே கொடுத்தார்.

செயின் கணக்கு

பெடல் அச்சு முன்னால் போய்விட்டதால் ஒரு செயின் போதாது. எவ்வளவு வேண்டும்? கணக்கு எளிது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து நான்கால் பெருக்குங்கள். முன்பல் சக்கரம், பின்பல் சக்கரம் இரண்டின் பற்களையும் கூட்டிப் பாதியாக்கிச் சேருங்கள். அத்தனை கண்ணிகள் வேண்டும்.

அண்ணாச்சியின் வண்டியில் தூரம் 50 அங்குலம். நான்கால் பெருக்க 200. பற்கள் முன்னால் 36, பின்னால் 22, பாதி 29. மொத்தம் 229. கண்ணிகள் இரட்டைப்படையாகத்தான் வரும் என்பதால் 230. ஒரு செயினில் 112 கண்ணிகள் இருந்தன. இரண்டு முழுச் செயினும், மூன்றாவதில் ஒரு சிறு துண்டும் தேவைப்பட்டன. நீளச் செயின் தொங்கி ஆடாமல் இருக்க, நடுவில் ஒரு சிறிய உருளையைத் தாங்கலாக வைத்தார்.

சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். இவர் ஏன் மாற்றினார்? மேட்டில் ஏறும்போது நாம் சீட்டை விட்டு எழுந்து, உடல் எடையைப் பெடல் மேல் போடுவோம். சாய்வு சைக்கிளில் எழுந்து நிற்க முடியாது. கால் பலம் மட்டும்தான். எனவே லேசாக மிதிக்கும் பல் கணக்கு வேண்டும். சாதாரண சைக்கிள் ஒரு சுற்றுக்கு சுமார் 5.4 மீட்டர் போகிறது என்றால், இது சுமார் 3.6 மீட்டர்தான் போகும். மெதுவாகப் போனாலும் பாலத்து மேட்டில் மூச்சு முட்டாது.

ஹேண்டில்பார் தூரத்தில் இருப்பதால், இரண்டு குழாய்களை மாட்டுக் கொம்பு போல் வளைத்து, முழங்காலில் இடிக்காதபடி கைக்கு எட்டும் வரை பின்னுக்குக் கொண்டு வந்திருக்கிறார்.

முதல் நாள் விழுந்தார்!

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை வண்டி தயார். காலையில் ஒரு காலி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அண்ணாச்சி ஏறி உட்கார்ந்தார். பத்தடி தள்ளாடினார். பிறகு நேராகப் போனார். நான் கைதட்டினேன்.

அவர் வேகம் கூட்டி அழுத்தி மிதித்ததும் 'டக்' என்று சத்தம். சாய்மானம் பின்னால் சரிந்தது. ஆளும் சரிந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம். ஓடிப் போய்த் தூக்கினேன்.

வலியைப் பற்றி அவர் பேசவில்லை. உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "என் தப்புதான் தம்பி. மற்ற சைக்கிளில் சீட் எடையை மட்டும்தான் தாங்கும். இதில் கால் முன்னால் தள்ளும் பலம் முழுவதும் முதுகு வழியாகச் சாய்மானத்துக்கு வருகிறது. ரெயில் பெட்டியில் இவ்வளவு காலம் வேலை பார்த்துவிட்டு இதை யோசிக்காமல் விட்டேனே!" என்றார்.

அந்த ஒட்டு அவரே வைத்தது. மறுவாரம் சாய்மானத்தின் இரு பக்கத்திலிருந்தும் பின்சக்கர அச்சு வரை இரண்டு இரும்புத் தாங்குக் கம்பிகள் கொடுத்தார். வெல்டிங்கை மட்டும் நம்பாமல் போல்ட்டும் போட்டார். அதன்பின் சீட்டில் 50 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஓட்டிப் பழகுவது

சாதாரண சைக்கிள் தெரிந்தவர்களுக்கும் இது முதலில் வராது. லேசான சரிவில், இரண்டு காலையும் தொங்கவிட்டு உருண்டு பழக வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி நெளியும். தளர்வாகப் பிடித்து, தூரத்தைப் பார்க்க வேண்டும். அண்ணாச்சிக்குச் சரியாக வர இரண்டு வாரம் ஆயிற்று.

முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே பிரேக்கைச் சோதிக்க வேண்டும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வண்டியின் நீளம் ஏழரை அடி. சாலில் எங்கே வைப்பது? அண்ணாச்சி, மாடிப்படிக்கு அடியில் பக்கத்து வீட்டாரைக் கெஞ்சி இடம் பிடித்திருக்கிறார். ரெயிலில் ஏற்ற முடியாது. சாதாரண சைக்கிளைவிட எடையும் அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உட்காருபவர் தாழ்வாக இருப்பது. லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அண்ணாச்சி 5 அடிக் கம்பில் ஒரு சிவப்புக் கொடி கட்டி, பின்னால் விளக்கும் பக்கத்தில் கண்ணாடியும் வைத்திருக்கிறார். அப்படியும் விடியற்காலை தவிர மற்ற நேரத்தில் அம்பேத்கர் ரோட்டில் இறங்குவது இல்லை. மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்கிவிடும். தண்ணீருக்கு அடியில் எங்கே குழி என்று தெரியாது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை வண்டிக்கு ஓய்வு. அந்த நான்கு மாதமும் ரெயில்தான். ஆனால் மதினியை அனுப்பாமல் அண்ணாச்சியே போய்ச் சிறிய மூட்டையாகக் கொண்டு வருகிறார்.

முதுகு வலி உள்ள எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

இதுபோல் சாய்மானத்தில் உட்கார்ந்து ஓட்டும் ஒரு வண்டி நமக்கு முன்பே பழக்கமானதுதான். கால் ஊனமுற்றவர்கள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். 1972-ம் ஆண்டு கான்பூரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் செயற்கை உறுப்பு தயாரிப்பு நிறுவனம் அதைச் செய்து வருகிறது. உடலுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

பூக்கூடை வருகிறது

போன வாரம் ஒருநாள் விடியற்காலை 5 மணிக்கு, கிங்ஸ் சர்க்கிள் பூங்கா ஓரத்தில் நின்றேன். முதலில் கொடி தெரிந்தது. பிறகு விளக்கு. அண்ணாச்சி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் போல் வந்துகொண்டு இருந்தார். பின்னால் கேரியரில் ஈரச் சாக்குப் போட்டு மூடிய பூ மூட்டை. மல்லிகை வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். "படுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறாரே!" என்று இந்தியில் கேலி செய்தார். அண்ணாச்சி சிரித்தபடி மணி அடித்துவிட்டுப் போனார்.

மதினியிடம் கேட்டேன். "முதலில் இந்தக் கோலத்தில் ரோட்டில் போகிறாரே என்று வெட்கமாக இருந்தது. இப்போது, இன்னும் காணோமே என்று வாசலைப் பார்க்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றபடி, மூட்டையை அவிழ்த்து உதிரி மல்லிகையைக் கூடையில் கொட்டினார்.